இளம் பந்தயப் புறாவுக்கு நோய் வந்தால்: திருகோணமலையில் புதிதாக வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஐந்தாறு வாரக் குஞ்சொன்று காலைத் தீனிக்கு ஓடி வராமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் மூலையில் ஒடுங்கி நின்றால், புறா வளர்ப்பில் புதிதாக இறங்கியவர்களில் பெரும்பாலானோர் நேரே மருந்துக்கடைக்குத்தான் போகிறார்கள். அங்கே கிடைக்கும் அன்டிபயோட்டிக் மாத்திரை ஒன்றைக் குடிநீரில் கரைத்து, நோயுற்றது நோயுறாதது என்ற வேறுபாடின்றிக் கூட்டிலுள்ள அத்தனை புறாக்களுக்கும் வைத்துவிட்டு, குஞ்சு தேறிவிடும் என்று காத்திருக்கிறார்கள். நோயுற்ற குஞ்சோ தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கமே போவதில்லை. ஆகவே மருந்து தேவைப்படும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றின் வயிற்றுக்கும் அது போய்ச் சேருகிறது.

உவர்மலையிலும் பாலையூற்றிலும் அன்புவழிபுரத்திலும் மொட்டைமாடிக் கூடுகளில் ஹோமர் என்னும் பந்தயப் புறா வளர்க்கத் தொடங்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்பதைத்தான். இந்த வழிகாட்டியில் மருந்தைப் பற்றிய பகுதியை நான் வேண்டுமென்றே பின்னுக்கு வைத்திருக்கிறேன். நோயுற்ற இளம் புறாவின் உயிரை முதல் 24 மணிநேரத்தில் காப்பாற்றுவது பிரித்து வைத்தலும் நீரும் வெப்பமும் மட்டுமே. எந்த மருந்து வேண்டும் என்பதைப் புறாவின் எச்சமும் வாயும் தீனிப்பையும் (விழுங்கிய தானியம் தங்கும் கழுத்தடிப் பை) சொல்லும் வரை எந்தக் குப்பியையும் திறக்க வேண்டியதில்லை.

இளம் புறாக்கள் ஏன் இவ்வளவு எளிதில் நோயுறுகின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. குஞ்சு பொரித்த முதல் நாட்களில் தாயும் தந்தையும் தீனிப்பையில் சுரந்து ஊட்டும் புறாப்பாலும், முட்டை வழியாகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் அதைக் காக்கின்றன. ஏறத்தாழ 25 முதல் 30 நாட்களில் அதைப் பெற்றோரிடமிருந்து பிரித்து இளம் புறாக் கூட்டில் விடும்போது, தாயின் எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டும் சொந்த எதிர்ப்புச் சக்தி முழுமையாக வளராமலும் இருக்கும். அந்த வேளையில்தான் புதிய இடம், புதிய கூட்டாளிகள், சொந்தமாகத் தின்னப் பழகுதல், இறகு உதிர்தல், சில வாரங்களில் கூடையில் ஏற்றிப் பயிற்சிக்குக் கொண்டுபோதல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகின்றன. வளர்ந்த புறாவில் அறிகுறியே காட்டாமல் கிடக்கும் கிருமி, இந்த வயதுப் புறாவில் இரண்டே நாளில் தலைதூக்குவதற்குக் காரணம் இதுதான்.

முதல் நாள்: பிரித்தல், வெப்பம், நீர்

சோர்ந்து நிற்கும் புறாவைக் கண்டவுடன் அதைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். நோயாளிக் கூண்டு மற்றக் கூட்டிலிருந்து காற்றும் தூசியும் எட்டாத இடத்தில், வீட்டின் மறுபக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கென்று தனித் தண்ணீர்ப் பாத்திரமும் தனித் தீனிக் கிண்ணமும் வேண்டும். கம்பிவலைத் தரையுள்ள சிறிய கூண்டு மிகவும் வசதியானது, ஏனெனில் புறா தன் எச்சத்தை மிதிக்காது, கீழே விரித்த பத்திரிகைத் தாளில் விழும் எச்சத்தை நாமும் தெளிவாகப் பார்க்கலாம். அன்றாடம் நலமான புறாக்களைக் கவனித்து முடித்த பிறகே நோயாளியிடம் போகும் ஒழுங்கைக் கடைப்பிடித்து, திரும்பும்போது கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

புறாவின் இயல்பான உடல் வெப்பம் 41 முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருக்கும். தின்னாத புறாவால் அந்த வெப்பத்தைத் தக்கவைக்க முடியாமற் போகிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பது அதன் வெளிப்பாடே. மார்கழியில் வாடைக் காற்றோடு மழை அடிக்கும் இரவுகளில் நோயாளிக் கூண்டின் ஒரு மூலைக்கு மேல் ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் 28 முதல் 30 பாகை வரை இருக்கும்படி செய்யுங்கள். மறுபக்கத்தை வெப்பமின்றி விட்டால் புறா தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தெரிவுசெய்யும். ஆனால் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களின் பகல் வேளையில் இங்கே மின்குமிழ் தேவையே இல்லை. குளிர்நாட்டு வளர்ப்பாளர் எழுதியதைப் படித்துவிட்டுக் கச்சான் பகலில் மின்குமிழ் போடுவது புறாவை மூச்சுவாங்கச் செய்து, இருக்கும் நீரையும் இழக்கச் செய்யும்.

அடுத்து நீர். மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஜீவனியை (கழிச்சலுக்கு நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பொதியில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்து, அன்றன்று புதிதாகத் தயாரித்து வையுங்கள். இதைச் சுத்தமான, உவர்ப்பில்லாத நீரில் கரைப்பது முக்கியமானது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடலோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் கோடையில் உவர்ப்பாகிவிடுவதால், அந்த நீரில் ஜீவனியைக் கரைத்தால் புறாவுக்கு வேண்டியதைவிட உப்பு கூடிவிடும். பைப் நீரோ கொதிக்கவைத்து ஆறவிட்ட நன்னீரோ போதும்.

குடிக்க மனமில்லாத புறாவுக்கு எப்படிக் கொடுப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சுவது ஆபத்தானது. புறாவின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. பீய்ச்சிய நீர் அதற்குள் போனால் புறா உங்கள் கையிலேயே மூச்சடைத்து இறந்துவிடும். கோழியைப் போலன்றி, அலகை நீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும் இயல்பு புறாவுக்கு உண்டு. ஆகவே ஒரு சிறு கிண்ணத்தில் இளஞ்சூடான கரைசலை வைத்து, அலகின் நுனியை மூக்குத் துவாரம் நனையாதபடி மெல்ல அமிழ்த்துங்கள். முதலில் தலையை உதறும். இரண்டாவது, மூன்றாவது முறையில் தொண்டை அசையத் தொடங்குவது விரலுக்குத் தெரியும். ஒரு வேளைக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் வரை, பகலில் நான்கைந்து வேளை குடித்தால் சராசரி இளம் புறாவுக்கு முதல் நாள் போதுமானது. அதுவும் முடியாத அளவுக்குச் சோர்ந்திருந்தால், மெல்லிய இரப்பர்க் குழாய் வழியாக நேரே தீனிப்பைக்குள் செலுத்த வேண்டியிருக்கும். அதை மிருக வைத்தியரிடமோ பழகிய கையிடமோ நேரில் பார்த்துக் கற்ற பின்பே செய்யுங்கள்.

முதல் நாள் தானியம் கொடுக்க வேண்டாம். தீனிப்பை காலியாகாமல் கிடக்கும்போது மேலும் தானியத்தைத் திணித்தால் அது அங்கேயே புளித்து நாறும்.

எச்சம், வாய், தீனிப்பை: பார்க்கப் பழகுதல்

நோயாளிக் கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து, ஓர் இரவு எச்சத்தைக் காலையில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நலமான புறாவின் எச்சம் பழுப்பு நிறத்தில் உருண்டு திரண்டு, மேலே வெண்மையான தொப்பியோடு இருக்கும். அந்த வெண்மை சிறுநீரகம் வெளியேற்றும் யூரிக் அமிலமாகும். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் மாறுதல் உடனே புலப்படும்.

புதியவர்களை அதிகம் குழப்புவது நீர்த்த எச்சம். ஒருவகையில், நடுவே எச்சம் ஒழுங்காகத் திரண்டிருக்க, அதைச் சுற்றித் தெளிந்த நீர் வட்டமாகப் பரவியிருக்கும். இது குடலின் நோயன்று. சிறுநீர் அதிகமாகப் போவதன் அடையாளம். கச்சான் வெக்கையில் அளவுக்கு மேல் குடித்த புறாவும், குஞ்சுக்கு ஊட்டுவதற்காக நிறையக் குடிக்கும் பெற்றோரும் இப்படி இடுவதுண்டு. ஆனால் கூட்டில் பல புறாக்கள் ஒரே நேரத்தில் இப்படி இட்டால், கழுத்தை முறுக்கவைக்கும் பரமிக்சோ வைரஸை நினைக்க வேண்டும். மற்றவகையில் எச்சமே கரைந்து, சளியோடும் நாற்றத்தோடும் பரவிக் கிடக்கும். குடலின் நோய் அதுதான். இரண்டையும் "கழிச்சல்" என்ற ஒரே பெயரில் அழைத்து ஒரே மருந்தைக் கொடுப்பதால் வீணாகும் நாட்கள் அதிகம்.

பச்சை நிறத்தைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். உணவு இறங்காத குடலில் பித்தநீர் மட்டுமே வருவதால், எந்தக் காரணத்தால் பட்டினி கிடந்தாலும் புறா பச்சையாகத்தான் இடும். ஆகவே பச்சை எச்சம் "இந்தப் புறா தின்னவில்லை" என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்கிறது. எந்த நோய் என்பதை வேறு அறிகுறிகளிடமே கேட்க வேண்டும்.

பிறகு புறாவைக் கையில் எடுங்கள். கால்களைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பின்னோக்கி நீட்டிப் பிடித்து, பெருவிரலால் இறக்கை நுனிகளையும் வாலையும் சேர்த்து மேலிருந்து அழுத்தினால், நெஞ்சு உங்கள் உடலோடு சாய்ந்து அடங்கியிருக்கும். மற்றக் கை பரிசோதனைக்கு விடுபடும். முதலில் மார்பெலும்பின் இருபக்கமும் விரலை ஓட்டுங்கள். தசை நிறைந்திருந்தால் எலும்பு விளிம்பாக மட்டும் படும். கத்திமுனை போல நீட்டிக்கொண்டு நின்றால் நோய் நேற்றுத் தொடங்கியதன்று, பல நாட்களாகவே உள்ளே இருந்திருக்கிறது. அடுத்து தீனிப்பையைத் தொடுங்கள். முந்திய மாலை தின்ற தானியம் காலையிலும் அப்படியே இருந்தாலோ, நீர் நிரம்பிய பலூனாகத் தளும்பினாலோ, வாயை முகரும்போது புளித்த வாடை வந்தாலோ, தீனிப்பை வேலை செய்யவில்லை என்று பொருள்.

வாயைத் திறக்க, மேல் அலகைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, கீழ் அலகை மற்றக் கையின் நகநுனியால் மெல்ல இறக்கி, டோர்ச் வெளிச்சத்தில் தொண்டை வரை பாருங்கள். நலமான வாய் இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கும். தொண்டையிலோ நாக்கின் அடியிலோ மஞ்சள் நிறத்தில் தயிர்க்கட்டிபோல் படிந்திருந்தால் அது பெரும்பாலும் கேங்கர் என்னும் ஒட்டுண்ணி நோய். ஆனால் அண்ணப் பிளவின் ஓரத்தில் குண்டூசித் தலையளவில் தெரியும் கெட்டியான வெண்புள்ளிகள் உமிழ்நீர்க் கற்களாக இருக்கலாம். அவை தீங்கற்றவை, அவற்றுக்கு வைத்தியம் வேண்டாம்.

சமையலறை டிஜிட்டல் தராசொன்று எந்த மருந்தையும்விடப் பயனுள்ள முதலீடு என்பது என் உறுதியான கருத்து. வளர்ந்த பந்தயப் புறா பொதுவாக 350 முதல் 500 கிராம் வரை இருக்கும். நோயாளியைத் தினமும் காலையில் தீனிக்கு முன் ஒரு துணிப்பைக்குள் இட்டு நிறுத்து, எடையை எழுதி வாருங்கள். எடை இறங்குவது நின்ற நாளே தேறத் தொடங்கிய நாள். முகத்தில் தெளிவு வருவதற்கு முன்பே தராசு அதைக் காட்டிவிடும்.

வாந்தியும் கழிச்சலும்: இளம் புறா நோய்

பெற்றோரிடமிருந்து பிரிந்த சில வாரங்களில், அதுவும் வேறு கூட்டுப் புறாக்களோடு ஒரே கூடையில் பயணம் செய்து திரும்பிய பின், கூட்டிலுள்ள பல இளம் புறாக்கள் ஒன்றாகத் தானியத்தை வாந்தியெடுத்து, தீனிப்பை நிறைந்து, நீர்த்த எச்சமிட்டு, எடை இழப்பதை உலகெங்கும் வளர்ப்போர் இளம் புறா நோய் என்று அழைக்கிறார்கள். நீண்ட காலம் இதற்கு அடினோ வைரஸும் சர்க்கோ வைரஸும் ஈ.கோலை பக்டீரியாவும் காரணம் என்று எண்ணப்பட்டது. 2016 இல் அவுஸ்திரேலியாவில் புறாக்களிடையே ரோட்டா வைரஸ் நோய் பரவியதும், 2020 இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் புறாவின் ரோட்டா வைரஸ் ஏ வகையைக் கொண்டு இதே நோயைச் சோதனையில் உண்டாக்கிக் காட்டியதும் அந்த எண்ணத்தை மாற்றின. சர்க்கோ வைரஸ் புறாவின் எதிர்ப்புச் சக்தியைக் குலைப்பதாலும், ஈ.கோலை பலவீனமான குடலில் பெருகுவதாலும் அவை நோயை மேலும் கடுமையாக்குகின்றன.

காரணம் வைரஸ் என்றால் அன்டிபயோட்டிக் அதைத் தொடாது. துணைக்கு வரும் பக்டீரியாவுக்கு எதிராக மட்டுமே அது உதவும், அதுவும் மிருக வைத்தியர் தேவை என்று கருதினால். நீங்கள் செய்ய வேண்டியது எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டுவது. எல்லா இளம் புறாக்களுக்கும் ஒரு நாள் தானியத்தை நிறுத்தி, ஜீவனிக் கரைசலை மட்டும் வையுங்கள். வாந்தி நின்று தீனிப்பை காலியானதும், மறுநாள் வழக்கத்தில் கால்வாசி அளவு எளிய தானியம் கொடுங்கள்: நெல், சிவப்பரிசி, கொஞ்சம் குரக்கன். சோளனையும் கௌபியையும் பயறையும் எச்சம் திரளும் வரை தவிர்த்து, பிறகு மூன்று நான்கு நாட்களில் படிப்படியாகச் சேருங்கள். பறத்தலையும் கூடைப் பயிற்சியையும் முற்றாக நிறுத்துங்கள். பெரும்பாலான புறாக்கள் ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடும். மூன்றாம் நாளும் வாந்தி நிற்காத புறா, வேறு நோயையும் சேர்த்துச் சுமக்கிறது என்று கருதி அதைச் சோதிக்கக் கொண்டுபோக வேண்டும்.

மற்ற நோய்களை அறிந்துகொள்ளல்

கேங்கரை உண்டாக்குவது ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைக்கல உயிரி. பெற்றோர் ஊட்டும்போது குஞ்சுக்கும், பொதுத் தண்ணீர்ப் பாத்திரம் வழியாக மற்றப் புறாக்களுக்கும் அது பரவுகிறது. உலர்ந்த இடத்தில் விரைவில் செத்துப்போகிறது. வளர்ந்த புறாக்களில் பல நோயின்றியே இதைச் சுமப்பதால், கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் படிவு இல்லாமலும் இளம் புறா மெலியலாம். கூட்டிலுள்ள சிறு குஞ்சில் தொப்புளருகே மஞ்சள் கட்டியாகவும் இது தோன்றும். மெட்ரோனிடசோல், ரோனிடசோல், கார்னிடசோல் முதலிய மருந்துகள் இதற்கு நன்றாக வேலை செய்கின்றன. தொண்டைப் படிவை நகத்தாலோ தீக்குச்சியாலோ சுரண்டி எடுக்காதீர்கள். அடியில் இரத்தக் குழாய்கள் இருப்பதால் இரத்தம் பெருகிப் புறா இறக்கக்கூடும். மருந்து தொடங்கிய சில நாட்களில் அது தானாகச் சுருங்கும்.

கொக்சிடியா இங்கே மழைக்காலத்து நோய். எச்சத்தில் வெளியேறும் அதன் முட்டைகள் ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலைக்கு முதிர்ந்துவிடுகின்றன. ஐப்பசி முதல் தை வரை மழையும் இடையிடையே வெயிலுமாகத் திருகோணமலை இருக்கும் நாட்கள் அதற்கு உகந்தவை. சாதாரணக் கிருமிநாசினிகள் அவற்றைக் கொல்வதில்லை. எனவே மழைநாளில் கூட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லெண்ணத்தில் செய்யும் தீமை. தினமும் காய்ந்த நிலையில் சுரண்டி எடுத்து, தரையை உலர்வாக வைத்து, கழுவியே ஆகவேண்டிய பாத்திரங்களுக்குக் கொதிநீர் ஊற்றுங்கள். மருந்தாக அம்ப்ரோலியமும் டோல்ட்ராசுரிலும் பயன்படுகின்றன. அம்ப்ரோலியம் விற்றமின் பி1 ஐத் தடுத்தே ஒட்டுண்ணியைக் கொல்வதால், அது கொடுக்கும் நாட்களில் விற்றமின் பி கலவையைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்தின் வேலை கெடும்.

புறா அம்மையும் மழைக்குப் பிந்திய நோயே, ஏனெனில் அதைக் கடத்துவது முக்கியமாக நுளம்பு. அலகின் அடி, கண்ணிமை, கால் ஆகிய இறகற்ற இடங்களில் கொப்புளங்கள் எழுந்து பொருக்காகி, மூன்று நான்கு வாரங்களில் தானாக உதிரும். பொருக்கைப் பிய்க்காமல் விடுங்கள். கண் மூடிப்போன புறாவுக்குத் தீனியும் நீரும் எட்டுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கூட்டுக்கு நுளம்பு வலை அடிப்பதும், சுற்றியுள்ள சிரட்டைகளிலும் பழைய ரயர்களிலும் தேங்கிய நீரைக் கொட்டுவதும் டெங்குக்கும் அம்மைக்கும் ஒருசேரப் பயன்படும் வேலை.

கழுத்து முறுக்கிப்போய், தானியத்தைக் கொத்தும்போது குறிதவறி, நீர்வட்ட எச்சமிடும் புறாவுக்குப் பரமிக்சோ வைரஸ் என்று சந்தேகிக்கலாம். கோழிகளின் ராணிக்கெட் நோயை உண்டாக்கும் வைரஸின் புறா வகை இது; இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. கொத்த முடியாத புறாவுக்கு ஆழமான கிண்ணத்தில் தானியத்தை நிறைத்து வைத்தால் பலவும் வாரக்கணக்கில் தேறுகின்றன. கழுத்து முறுக்கியதாலேயே ஒரு புறாவைக் கைவிட வேண்டியதில்லை. வீட்டில் கோழி இருந்தால் புறாவிடமிருந்து முற்றாகப் பிரித்து வையுங்கள். செயலிழந்த வைரஸைக் கொண்ட புறாத் தடுப்பூசியை இளம் புறாக்களுக்கு நான்கு முதல் ஆறு வார வயதில் கழுத்தின் பின்புறத் தோலடியில் போடுவது வழக்கம். கிடைப்பதையும் மறுமுறை போடும் இடைவெளியையும் மிருக வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

ஒரு இறக்கை மட்டும் தொங்கி, மூட்டு வீங்கி, புறா நொண்டினால் அடிபட்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சல்மொனெல்லா மூட்டுகளில் தங்குவது இப்படித்தான் வெளிப்படும். ஒற்றைக் கண்ணில் நீர் வடிந்து இமை வீங்கினால், முதலில் தூசியையும் காயத்தையும் பாருங்கள். தும்மலும் சேர்ந்தால் கிளமிடியாவாக இருக்கலாம். இவை இரண்டும் மனிதருக்கும் தொற்றக்கூடியவை என்பதால், கைவைத்தியத்தில் நாட்களைக் கடத்தக்கூடாத நோய்கள்.

எங்கள் வெப்பத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இறகுகளுக்கிடையே பக்கவாட்டில் விரைந்தோடும் தட்டையான புறா ஈ, இரத்தத்தைக் குடிப்பதோடு புறா மலேரியா என்று வளர்ப்போர் சொல்லும் ஹீமோபுரோட்டியஸ் ஒட்டுண்ணியையும் கடத்துகிறது. இந்த ஈயின் கூட்டுப்புழுக்கள் குஞ்சுக் கூட்டின் குப்பையில் கிடந்து, மூன்று நான்கு வாரங்களில் ஈயாகின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுக் குப்பையை முழுவதும் எடுத்து எரித்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும்.

சோதனையும் மருந்தின் அளவும்

அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போகும்போது, வெறும் கையோடு போகாமல், அன்று காலை இட்ட எச்சத்தைப் பல புறாக்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமான சிறு குப்பியில் எடுத்து, வெயில் படாமல் கொண்டுபோங்கள். கொக்சிடியா முட்டையும் புழு முட்டையும் நுணுக்குக்காட்டியில் தெரியும். கேங்கருக்கோ புறாவையே கொண்டுபோக வேண்டும், ஏனெனில் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரி சூடும் ஈரமும் ஆறுவதற்கு முன் பார்த்தால்தான் அந்த உயிரி நெளிவது தெரியும். புறா இறந்துவிட்டால் உடலை உறையவைக்காமல் குளிரில் வைத்து, அன்றே ஒப்படையுங்கள். உறைந்த உடலில் திசுக்கள் சிதைந்து காரணம் கண்டுபிடிப்பது கடினமாகும். ஒன்றின் இறப்பிலிருந்து கிடைக்கும் விடை மற்றப் பத்தைக் காப்பாற்றும் என்பதால், புதைப்பதற்கு அவசரப்பட வேண்டாம்.

மருந்தின் அளவை எப்போதும் எடைக்கேற்பக் கணக்கிடுங்கள். மிருக வைத்தியர் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று எழுதித் தந்தார் என்று வைத்துக்கொள்வோம். 400 கிராம் புறாவுக்கு அது 20 மில்லிகிராம். 200 மில்லிகிராம் மாத்திரையில் இது பத்தில் ஒரு பங்கு. கண்மதிப்பில் பத்தாக உடைக்க முடியாது. 5 மில்லிலீற்றரில் 200 மில்லிகிராம் உள்ள பாணி மருந்தாக இருந்தால், அரை மில்லிலீற்றரில் 20 மில்லிகிராம் இருக்கும். அதை 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் சரியாக அளக்கலாம். அலகைத் திறந்து, நாக்கின் அடியிலுள்ள மூச்சுத் துவாரத்தைத் தாண்டிப் பின்தொண்டையில் துளித்துளியாக விட்டு, விழுங்கியதைப் பார்த்த பின் அடுத்த துளியை விடுங்கள். மெட்ரோனிடசோல் அளவு மீறினால் புறா தள்ளாடும். அதை நோய் முற்றியதாக எண்ணி மேலும் கொடுப்பவர்களும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

டொக்சிசைக்கிளின் என்னும் அன்டிபயோட்டிக்கை எழுதிக் கொடுத்தால், அது கல்சியத்தோடு பிணைந்து பயனற்றுப் போவதால், அந்த நாட்களில் கிரிட்டையும் (புறா தின்னும் சிறுகல் கலவை) சிப்பித்தூளையும் எடுத்துவிடுங்கள். புழுவுக்கு ஆட்டுக்குக் கொடுக்கும் பென்பெண்டசோலையோ அல்பெண்டசோலையோ புறாவுக்குக் கொடுக்காதீர்கள். இவை புறாவின் எலும்பு மச்சையைத் தாக்குவதும், வளரும் இறகுகளைக் கெடுப்பதும் நன்கறியப்பட்டவை. தொடங்கிய மருந்தைச் சொன்ன நாட்கள் முடியும் வரை கொடுங்கள்; இரண்டு அன்டிபயோட்டிக்குகளை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பூண்டு, மஞ்சள், வேப்பிலை ஆகியவற்றை வழக்கத்தின் பேரில் கொடுப்போர் இங்கே நிறைய உண்டு. அளவோடு கொடுத்தால் தீங்கில்லை, ஆனால் மேலே சொன்ன எந்த நோயையும் அவை மட்டும் தீர்த்துவிடும் என்று நம்பி நாட்களைக் கடத்தக் கூடாது. மருந்து கொடுத்த புறாவை எவரும் உண்ணக் கூடாது.

உங்கள் நெஞ்சையும் காத்துக்கொள்ளுங்கள். புறாத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை நோய் வருவது மருத்துவ உலகில் நன்கு தெரிந்தது. கூடு சுரண்டும்போது முகக்கவசம் அணியுங்கள். காய்ச்சலும் வரட்டு இருமலும் வந்தால் வைத்தியசாலையில் புறா வளர்ப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

தேறிய புறாவைத் திரும்ப விடுதல்

எச்சம் திரண்டு, எடை பழைய அளவுக்கு வந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் தனியாகவே வைத்திருங்கள். வழிதவறி வந்து உங்கள் கூட்டில் இறங்கும் களைத்த புறாக்களையும், புதிதாக வாங்கும் புறாக்களையும் அதே நோயாளிக் கூண்டில் மூன்று நான்கு வாரங்கள் வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இரக்கப்பட்டு உடனே உள்ளே விட்ட ஒரு புறாவால் கூடு முழுவதும் நோயுற்றதை இந்த ஊரில் பலர் அறிவார்கள்.

பறக்க விடுவதிலும் அவசரம் கூடாது. முதல் சில நாட்கள் கூட்டைச் சுற்றித் தன் விருப்பப்படி பறக்கட்டும். மற்றவற்றோடு சேர்ந்து அரைமணி நேரம் பறந்து, மூச்சு வாங்காமல் இறங்கும் வரை கூடையில் ஏற்ற வேண்டாம். பிறகு கன்னியாவிலிருந்து, அடுத்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்திலுள்ள நிலாவெளியிலிருந்து என்று சிறுகச் சிறுகத் தூரத்தைக் கூட்டி, கந்தளாய்த் தூரத்துக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே போங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்திய மாலையில் அந்தப் புறாவின் எச்சத்தையும், புறப்படும் காலையில் அதன் தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள். முந்திய மாலைத் தீனி காலையிலும் கையில் தட்டுப்பட்டால், அன்று அது கூட்டிலேயே இருக்கட்டும்.